அழியாத பயனர்

“அழிச்சிட்டேன்னு சொல்றேன்ல, ஹஜ்ஜா…”

“போன தடவையும் இதையேதான் சொன்ன! பழைய கம்ப்யூட்டர்னா இளக்காரமா? நாளைக்கு எம்புள்ள கப்பல்லேர்ந்து வர்றான். தொறந்ததும் செத்த கெழவன் மூஞ்சிலயா முழிப்பான்?”

திரையில் இரண்டு பயனர் கணக்குகள் இருந்தன. ஒன்றில் ஹஜ்ஜா இன்ஷிராவின் மகன் வக்தியின் படம். மற்றதில், முன்பு அந்தக் கம்ப்யூட்டரை வைத்திருந்த கிழவர். எங்கள் அலெக்சாந்திரியாவில் இறந்தவர் படத்துக்கு இடுவதுபோல், அவர் படத்தின் மூலையில் கறுப்பு நாடா.

கடைக்காரர் ஷுக்ரி அந்தக் கணக்கை மறுபடி நீக்கினார். கம்ப்யூட்டரை அணைத்து இயக்கினார்.

கிழவர் திரும்ப வந்திருந்தார். அவர் படத்தில் நாடா இல்லை. அது வக்தியின் படத்தில் இருந்தது.

ஷுக்ரி மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். இன்ஷிரா கைப்பேசியைக் காதில் வைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“எடுடா, வக்தி. அம்மாடா.”