சாம்பல் கரைத்துத் திரும்பிய வழி

நான், என் மனைவி லோகநாயகி, மகன் ஆரூரன். மொன்றியலிலிருந்து போனவர்கள் மூவர்தான்.

மூடப்பட்ட சுரங்கத்தின் குழிநீரில் தம்பி குகதாசனின் சாம்பலைக் கரைத்தோம். அங்கே வேலை செய்து கால் நசுங்கியவன். வெள்ளைக்காரியைக் கட்டியதற்காக நான் வீட்டுப்படி ஏற்றாதவன். அவன் கேட்டிருந்தபடியே, அடுத்த சுரங்க ஊருக்கு வயல்வழியே நடந்தோம். சாம்பல் கரைத்தவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது.

சரளைக்கல்லில் சத்தம் கேட்டது.

“அப்பா, ஆரோ காலை இழுத்து இழுத்து வருகினம். ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ” என்றான் ஆரூரன்.

“முப்பது வருசமாப் பாக்காத மனுசன் இண்டைக்குப் பாப்பாரோ?” என்றாள் லோகநாயகி.

நான் பயந்து திரும்பிப் பார்த்ததாக மொன்றியலில் எங்கள் வில்லரேப் பகுதியில் கதைக்கிறார்கள். அது பொய். தம்பி எனக்கு முன்னால்தான் காலை இழுத்து இழுத்து நடந்தான். அன்றும் நான் அவனைக் கூப்பிடவில்லை.