தழும்புள்ள விரல்

வாக்குச்சாவடியில் வரிசையே இல்லை. போன வேகத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த செண்பகவல்லி, மை வைத்த விரலைப் படமெடுத்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். முருங்கைக்காய் நறுக்கும்போது வெட்டுப்பட்ட பழைய தழும்பு அதில் பிறைபோலத் தெரிந்தது. மதியத்துக்குள் குழு முழுக்க விரல்கள். ‘ஆட்சி மாறட்டும்’ என்று எழுதியிருந்த கமலக்கண்ணனின் விரலில் அதே தழும்பு. ‘இதே ஆட்சி தொடரட்டும்’ என்று அவருக்குப் பதில் போட்ட எதிர்வீட்டு தேவசகாயத்தின் விரலிலும் அதே தழும்பு. ‘நம்ம பிளாக் நூற்றுக்கு நூறு!’ என்று செயலாளர் கைதட்டியிருந்தார்.

சாயங்காலம் பால் வாங்க இறங்கியபோது கீழே இருவருக்கும் சண்டை.

“ஓட்டுப் போடாதவன்லாம் பேசக்கூடாது சார்!”

“யாரைச் சொல்றீங்க? வெயில்ல வரிசையில நின்னு போட்டவன் நான்!”

வீசிய கைகள் ஒன்றிலும் மை இல்லை. அவளைக் கண்டதும் கமலக்கண்ணன் திரும்பினார்.

“மேடம், நீங்களே சொல்லுங்க. நீங்க எந்தப் பக்கம்?”

இருவரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். கள்ள ஓட்டுப் போட்டு மாட்டிக்கொண்டவள்போல, செண்பகவல்லி இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.