ஒரு தட்டுக்கு ஒரு புள்ளி

“தட்டாதே! யாருக்கு சிக்னல் கொடுக்கிறே?”

சூப்பர்வைசர் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்தத் தனி அறையில் அவரைத் தவிர இருந்ததே இரண்டு பெண்கள்தான். ஒருத்தி, பள்ளி இறுதிப் பரீட்சை எழுதும் பார்வையில்லாத மாணவி. இன்னொருத்தி, கேள்வியை வாசித்து, அவள் சொல்லச் சொல்ல எழுதித் தர வந்த கீழ்வகுப்புச் சின்னப்பெண்.

“முற்றுப்புள்ளி வைக்கணும்னா ஒரு தட்டு சார். எங்களுக்குள்ள அது பழக்கம்,” என்றாள் மாணவி.

“யாருக்கும்மா காது குத்துறே? இவ பதிலைச் சொல்லுவா, நீ சரின்னு தட்டுவே. இதுக்குப் பேரு சலுகை!”

“சலுகை இல்ல சார். மத்தவங்களுக்கு மூக்குக்கண்ணாடி மாதிரி எனக்கு இவ.”

“வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கு.” அவர் சின்னப்பெண்ணின் பக்கம் திரும்பினார். “நீ எழுந்திரு. பதில் சொல்லிக்கொடுக்கிற ஆளைப் பிடிச்சிருக்கேன்னு சொல்லி உங்க ஹெச்.எம்.மைக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் நானே எழுதுறேன்.”

சின்னப்பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓடினாள்.

“இன்னொரு தடவை எதிர்த்துப் பேசினே, பேப்பரைப் பிடுங்கிடுவேன். ஒரு வருஷம் வீணாப் போயிடும், ஆமா.” நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

மாணவி, கேள்வியை அவர் வாசிக்க, பதிலை மட்டும் சொன்னாள். தடங்கலே இல்லாமல் வந்தது. மூன்றாவது கேள்வியிலேயே அவர் குரலில் இருந்த காரம் இறங்கிவிட்டது.

“கோடைக்காலமும் குளிர்காலமும் ஏன் மாறி மாறி வருகின்றன?”

“பூமி சூரியனுக்குக் கிட்டப் போகும்போது கோடை, தள்ளிப் போகும்போது குளிர்.” மேஜையில் ஒரு தட்டு.

பேனா கொஞ்சம் தயங்கியது. பிறகு கரகரவென்று காகிதத்தில் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

“அடுத்த கேள்விக்குப் போலாமாம்மா?”

“முதல்ல எழுதினதை வாசிச்சுக் காட்டுங்க சார்.”

“எல்லாம் நீ சொன்னதுதான்.”

“நான் தட்டின பிறகும் பேனா ஓடிச்சே?”

அவர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நீ சொன்னது தப்பும்மா. பூமியோட அச்சு சாய்ஞ்சிருக்கிறதுதான் காரணம். இவ்வளவு நல்லாச் சொல்ற பொண்ணு, பாவம், மார்க் போகக்கூடாதேன்னு மாத்தி எழுதினேன். கம்முனு இரு.”

“அதை அடிச்சிட்டு, நான் சொன்னதை எழுதுங்க.”

“அட, மார்க் போயிடும்மா!”

“போகட்டும். தப்பா இருந்தாலும் அது என் தப்பு. உங்க பரிதாபத்துக்கு என் பேப்பர்ல இடம் கிடையாது.”

“மெதுவாப் பேசேன்...”

“அடிங்க சார்.”

அவர் அடித்தார். அதன் கீழே அவள் சொன்னதையே எழுதினார்.

வாசலில் செருப்புச் சத்தம். தலைமை ஆசிரியை உள்ளே வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் சின்னப்பெண், அழுது சிவந்த கண்ணோடு.

“என்ன சார், பதில் சொல்லிக்கொடுக்கிற ஆளைப் பிடிச்சாச்சாமே?”

சூப்பர்வைசர் அடித்த இடத்தைக் கையால் மறைத்தார்.

மாணவிதான் எழுந்து நின்றாள்.

“பிடிச்சாச்சு மேடம். பிடிச்சது நான்.”