மூன்றாவது பேட்டரி

"மூணாவது பேட்டரி! இதுவும் பாதிப் பாறையில படுத்துடுச்சு பாரு!"

கொல்லையிலிருந்து ரிஷபன் போட்ட சத்தத்தில், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த கிருத்திகா கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள்.

ஆள் உயரப் பாறை. அதன் நடுமுதுகில், முழ நீள ரிமோட் ஜீப் ஒன்று மூக்கைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றது. செஞ்சியில் யார் வீட்டுக் கொல்லையில்தான் பாறை இல்லை? ஆனால் அதில் ஏற்றுவதற்கென்றே வண்டி வாங்கியவன் உரக்கடை ரிஷபன் ஒருவன்தான்.

அதையும் சும்மா வாங்கிவிடவில்லை. கிருத்திகாவைப் பெண் பார்க்கப் போனபோதுகூட அவன் அத்தனை கேள்வி கேட்கவில்லை. பறக்கிற வண்டி வேண்டாம், நிதானமாகப் பாறை ஏறுகிற வண்டிதான் வேண்டும் என்று வீடியோ வீடியோவாகப் பார்த்து, செல்போன் கடை விமல்ராஜின் உயிரை வாங்கி, மூன்று மாதம் முன்பு இதைப் பிடித்தான். வந்த பிறகு ஜோடனை வேறு. வழுக்காமல் இருக்க மெத்தென்ற டயர். முன்பக்கம் தூக்காமல் இருக்கப் பித்தளை வெயிட். "ஜீப்புன்னா மேல ஒரு கேரியர் வேணாமா?" என்று கிருத்திகா கேட்டதால் அதுவும் போட்டாயிற்று.

"நாளான்னிக்கு சிங்கவரம் ரோட்டுல பாறை ஏத்துற போட்டி. விமல்ராஜ் கிட்ட சவால் வேற வுட்டுட்டேன்" என்றான் ரிஷபன். "நாளைக்குள்ள இது உச்சி ஏறலைன்னா, அவன் கையிலயே குடுத்துட்டு ஒரு கும்பிடு போட்டுடப் போறேன்."

"ஐயய்யோ, குடுக்கறதா?" பதறிப்போனாள் கிருத்திகா. "அதெல்லாம் வேணாங்க!"

"இன்னாடி இது? கழுதை வயசுல இன்னா வெளையாட்டு சாமான்னு கத்துனவ நீதானே?"

"அது அப்ப. இப்பப் பழகிப்போச்சு."

ரிஷபனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வண்டியை இறக்கித் துடைத்தான்.

"கேரியர்ல இன்னாது, மஞ்சளா?"

"புது வண்டியாச்சே, திருஷ்டி படாம இருக்கட்டும்னு நான்தான் மஞ்சள் வெச்சேன்." சட்டென்று முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். "ஆனா வண்டி ரொம்பத்தான் குலுங்குதுங்க. ஸ்பிரிங்கை மாத்துங்க."

"அட, இத்தனை வீடியோ பார்த்த எனக்கே தோணலையே! உனக்கு மூளைடி!" பெண்டாட்டியைப் பெருமையாகப் பார்த்தான். "இன்னொண்ணு கவனிச்சியா? வண்டி வந்த நேரம், உன் கைக்கும் ருசி வந்துடுச்சு. இன்னிக்கு மோர்க்கொழம்பு அமிர்தம். இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தியிருக்கலாம்."

கிருத்திகா தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டான் ரிஷபன்.

சமணக் குடும்பம். பொழுது சாய்ந்துவிட்டால் பச்சைத் தண்ணீரோடு சரி. அதனால் ஐந்தரைக்கெல்லாம் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வந்து சாப்பிடுவான். சாப்பிட்ட கையோடு ரிமோட்டைப் பிடிப்பான். காலையில் முழுசாகச் சார்ஜ் ஏற்றி வைத்துவிட்டுப் போகிற பேட்டரி, அவன் பிடித்த கொஞ்ச நேரத்தில் மூச்சை விட்டுவிடும்.

"ஏங்க, உச்சியோட நிறுத்தாம அந்தப் பக்கமும் எறங்கினா இன்னும் நல்லா இருக்குமில்ல?"

"அந்தப் பக்கம் பேச்சே எடுக்காதே!"

அந்தப் பக்கம் அண்ணன் சாந்திராஜின் கொல்லை. போன வருஷம் பாகம் பிரித்துச் சுவர் எடுத்தபோது, பாறை யார் பக்கம் என்று அண்ணன் தம்பிக்குள் வார்த்தை தடித்துவிட்டது. பாறை நகரவா போகிறது? சுவர்தான் இரண்டு பக்கமும் அதில் முட்டி நின்றுவிட்டது. ஆனால் ரிஷபன், "இனிமே அந்த வீட்டுச் சோறு ஒரு பருக்கை என் வாயில பட்டா நான் எங்க நைனாவுக்குப் பொறக்கல!" என்று தெருவே கேட்கச் சத்தியம் செய்துவிட்டான். அன்றிலிருந்து அண்ணன் எதிரே வந்தால் இவன் வேறு தெரு. கோயிலில் அண்ணி தர்மவதி சிரித்தால் இவன் கோபுரத்தைப் பார்ப்பான். அண்ணி சமையலை நினைத்து ஏங்காத நாளில்லை. வெளியே சொன்னால் மானம் போய்விடுமே!

அன்று விளக்கு வைத்ததும் உட்கார்ந்து ஸ்பிரிங்கை மாற்றினான். மறுநாள் காலை, சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கடைக்குக் கிளம்பினான்.

கடையில் இருப்புக் கொள்ளவில்லை. இன்றைக்கு ஏறாவிட்டால் வண்டி கை மாறிவிடும். யூரியா கேட்டவருக்குப் பொட்டாஷை எடுத்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டான். ஐந்து மணிக்கு முன்பே எழுந்து, வீட்டுக்கு வந்து, நேராகக் கொல்லைக்குப் போனான்.

போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

துவைக்கிற கல்லின் மேல் கிருத்திகா நின்றிருந்தாள். கையில் ரிமோட். அவனுக்கு மூன்று மாதமாகப் பிடிகொடுக்காத பாறையின் உச்சியில் ஜீப் ஜம்மென்று நின்றது. அதன் கேரியரில், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ஒரு சின்ன எவர்சில்வர் தூக்குச்சட்டி.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் சாந்திராஜின் குரல் வந்தது.

"எறக்கத்துல பாத்து வுடும்மா கிருத்திகா! நேத்து மாதிரி கொழம்பு பாதி கொட்டிடப் போவுது. அவங்க அண்ணி கைக்கொழம்பு இல்லைன்னா தம்பிக்குச் சோறு எறங்காது!"

மூன்று மாதமாகச் சப்புக்கொட்டித் தின்ற கூட்டும் குழம்பும் எந்த வீட்டுடையது என்று ரிஷபனுக்கு இப்போதுதான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அண்ணனிடம் முதல் முறையாக வாயைத் திறந்தான்:

"கொட்டாதுண்ணே! நேத்துதான் ஸ்பிரிங் மாத்தியிருக்கேன்!"