ரசத்தில் ஒரு மாத்திரை

காலித் தட்டில் பட்ட மதிய வெயில் தகரக் கூரையில் நடுங்குகிறது. கோதண்டபாணி ரசத்தைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டு எழுந்து சட்டையை மாட்டுகிறான். குடியை நிறுத்தும் மாத்திரையை அதில் ஜோதிலட்சுமி பொடித்துப் போட்டிருப்பது அவனுக்குத் தெரியாது. கையில் கொடுத்தால், "நான் இன்னா நோயாளியா?" என்று எகிறுவான். இதைத் தின்றவன் குடித்தால் உயிரே போகலாம், புருஷனுக்குச் சொல்லாமல் கொடுக்காதே என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். "எங்கய்யா கெளம்பிட்ட?" என்கிறாள். "கடைக்குத்தான். ரெண்டே ரெண்டு ரவுண்டு." "போவாதய்யா! ரசத்துல மருந்து கலந்துகீறேன். குடிச்சா செத்துருவ." "இன்னாமே, நேத்து சாமி கண்ணக் குத்தும்ன. இன்னிக்கி ரசமா?" அவள் வாசலை மறித்துக் கதவு நிலையை இறுகப் பற்றுகிறாள். வெளியே, கால்வாய்க்கு மேலே பறக்கும் ரயில் தடதடக்கிறது. அவன் சிரித்துக்கொண்டே அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறான்.