சமத்தின் கோட்டு

“பிள்ளையைப் பறிகொடுத்த இடத்துக்குச் சீர் கொண்டுபோற தாயை இப்பத்தான் பார்க்கறேன்” என்றார் ஒரோஸ்பெக்.

சைராகுலின் கணவர் இறந்த பிறகு அவருடைய அண்ணன் ஒரோஸ்பெக் சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம். அவள் தலை நிமிராமல் கம்பளிச் செருப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நாளை அவள் ஜெர்மனிக்குப் போகிறாள். மகன் சமத் விவசாயப் பயிற்சிக்குப் போய்த் தங்கியிருந்த வீட்டுக்கு. வசந்தத்தில் அந்த வீட்டுக் கன்றுக்குட்டி ஆற்றில் விழுந்தது. பிடிக்க இறங்கினான். கன்று கரையேறிவிட்டது, மகன் மூடிய சவப்பெட்டியில் சொந்த ஊரான நாரினுக்கு வந்து சேர்ந்தான். இப்போது அந்த வீட்டுக் கிழவரும் மனைவியும் டிக்கெட் அனுப்பி, அவன் இருந்த இடத்தை ஒருமுறை வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

“அதுக்காக வெறுங்கையோட போக முடியுமா? நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?” என்றாள் ஒரோஸ்பெக்கின் மனைவி ஜெய்னெப். “சைரா, அந்தத் தேன் பாட்டிலை எடுத்துடு. வழியில உடைஞ்சா அத்தனையும் பிசுபிசுன்னு ஆயிடும்.”

“குருத் கொஞ்சம் வைக்கட்டுமா அக்கா?”

“காய்ஞ்ச தயிர் உருண்டைன்னு அவங்களுக்கு என்ன தெரியும்? கூழாங்கல்லுன்னு நினைச்சுத் தூக்கி எறிவாங்க. அக்ரூட் போடு. அந்தம்மாவுக்குச் சின்னக் கம்பள விரிப்பு ஒண்ணு வை. சுருட்டினா இடமும் அடைக்காது, கனமும் இல்லை.”

“கன்னுக்குட்டிக்குக் கழுத்து மணி ஒண்ணு வாங்கிட்டுப் போயேன்” என்றார் ஒரோஸ்பெக். “அதுதானே அங்க நல்லா இருக்கு.”

ஜெய்னெப் கணவரை முறைத்தாள். சைராகுலின் கை ஒரு கணம் நின்று, மறுபடி அடுக்கத் தொடங்கியது.

பிறகு எழுந்து போய் மரப்பெட்டியைத் திறந்து சமத்தின் கோட்டை எடுத்து வந்தாள். செம்மறித் தோல் கோட்டு. கல்யாணத்துக்கும் ஆகட்டும் என்று தைத்தது. ஒரே ஒரு குளிர்காலம்தான் போட்டான். அதை மடித்து வைத்தால் பெட்டி மூடவில்லை. அக்ரூட்டை எடுத்தாள். செருப்புகளையும் எடுத்து வெளியே வைத்தாள்.

“அதை எதுக்கு எடுத்தே?” ஒரோஸ்பெக் எழுந்துவிட்டார்.

“அந்தக் கிழவருக்கு மாமா.”

இதுவரை அவள் பக்கம் பேசிய ஜெய்னெப்பே திகைத்துப்போனாள். “ஏண்டி, போட்டுக் கழட்டின துணியையா பரிசாக் கொடுப்பாங்க? அதுவும் செத்த பிள்ளையோடதை?”

ஜெய்னெப்புக்கும் அதில் ஒரு கண் இருந்தது. குளிர் தொடங்கியதிலிருந்தே அவள் மகன் அந்தக் கோட்டைப் பற்றி ஜாடைமாடையாக விசாரித்துக்கொண்டிருந்தான். ஊருக்கே தெரியும்.

“செத்தவன் கோட்டு யாருக்குச் சேரும்னு மறந்துட்டியா?” என்றார் ஒரோஸ்பெக். “மையத்து உடம்பைக் குளிப்பாட்டின கைக்கு. அதுதான் நம்ம முறை. உன் புருஷன் போனப்ப யார் எடுத்துட்டுப் போனா? குளிப்பாட்டின மம்பெத்துதானே? கூடப்பிறந்தவன் நான், ஒரு வார்த்தை பேசினேனா?”

“இல்லை மாமா.”

“சமத்தை அந்த ஊர்ப் பள்ளிவாசல்காரங்க குளிப்பாட்டி அனுப்பினாங்க. போய் அவங்களைத் தேடிக் கொடு, நானே மடிச்சு வைக்கிறேன். முடியலையா, கோட்டு நம்ம வீட்டுலயே இருக்கட்டும். வீட்டுல தங்கின பிள்ளையைக் காப்பாத்தத் துப்பில்லாதவனுக்கு அதைப் போர்த்திவிட்டு வந்தா, நீ சமத்துக்குத் தாயே இல்லை.”

சைராகுல் கோட்டின் மேல் கை வைத்தபடி உட்கார்ந்துவிட்டாள். இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று பட்டது.

“பள்ளிவாசல்காரங்கன்னு நான் சொல்லவே இல்லை மாமா. குளிப்பாட்டியாச்சான்னு கேட்டீங்க. ஆச்சுன்னேன். மீதியை நீங்களா நினைச்சுக்கிட்டீங்க.”

“அப்ப யாரு?”

“அந்தச் சுத்துவட்டாரத்துல குளிப்பாட்ட நம்ம மதத்து ஆம்பளை ஒருத்தர்கூடக் கிடையாது. கிழவர்தான் போன் பண்ணினாரு. சமத்கூடப் படிச்ச பொண்ணு நடுவுல நின்னு நம்ம பாஷையில எனக்கு எடுத்துச் சொன்னா. உங்க முறை என்னம்மான்னு கேட்டாரு. எந்தப் பக்கம் முதல்ல, எத்தனை தடவைன்னு நான் இங்கேருந்து அழுதுகிட்டே சொல்லச் சொல்ல, அங்க அவர் செஞ்சாரு. இதைச் சொன்னா முல்லா தொழுகை நடத்த மாட்டாரோ, நம்ம மையவாடியில புதைக்க இடம் தர மாட்டாங்களோன்னு பயந்துட்டேன்.”

ஒரோஸ்பெக் மெல்ல உட்கார்ந்தார்.

“அந்தக் கிழவரா?” என்றாள் ஜெய்னெப்.

“அவர்தான் அக்கா. பச்சைத்தண்ணியே போதும்னுதான் சொன்னேன். ‘பிள்ளை ஆத்துல ரொம்பக் குளிர்ந்து போயிருக்கான்’னு சொல்லி, அவரே வெந்நீர் வச்சு, சூடு பதமா இருக்கான்னு தன் கையில ஊத்திப் பார்த்துட்டுத்தான் அவன் மேல ஊத்தினாரு.”