இருபது சுற்று

“நீங்களுமா மாப்ள! எத்தன சுத்து குடுத்தீங்க?”

“எண்ணலங்கய்யா. சுத்தச் சுத்தப் போய்க்கிட்டே இருந்திச்சு.”

“இருபதுல இறுகி நின்னுடுமே!”

றொசல்லவில் பெண் பார்க்கப் போன இடத்தில் நான் செய்த சாதனை இது. பெண்ணின் அப்பா பழனியாண்டி, தேயிலைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளைதான் அன்றைக்கு அவருடைய கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க வேண்டும். அது அவர் செய்யும் மரியாதை. பெண் சர்மிளா அதைத் தேநீர்த் தட்டிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே திருகினேன். முள் அசையவில்லை.

“ஸ்பிரிங் போச்சு. ஹட்டன்ல மீராசாஹிப் நானாகிட்டக் குடுத்து ஓட வச்சுக் கொண்டாங்க, மத்தத அப்பறம் பேசுவோம்” என்றார்.

என் பெயர் அழகன். பிறந்தவுடன் அவசரப்பட்டு வைத்துவிட்டார்கள். இதற்கு முன் ஆறு வீட்டில் வடை தின்று, “சொல்லி அனுப்புறோம்” கேட்டு வந்தவன். ஆனால் நான் வியர்க்க வியர்க்கத் திருகியபோது சர்மிளா சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் மறுநாள் காலையிலேயே ஹட்டன் பஸ் ஏறினேன்.

வாட்ச் கடை மீராசாஹிப் நானா மூடியைக் கழற்றி, கண்ணில் லென்சை இடுக்கிக்கொண்டு கேட்டார்: “சாவி குடுக்கக்குள்ள ‘டக்’குனு சத்தம் கேட்டிச்சா?”

“இல்லையே.”

“அப்ப நீங்க ஒடைக்கல்ல தம்பி. உங்க கைக்கு வரக்குள்ளயே ஒடஞ்சிதான் இருந்திச்சு.”

“யாரு ஒடச்சது?”

“பிளேன்டீ குடிக்கிறீங்களா?”

“நானா, யாரு ஒடச்சது?”

“இந்த வருஷம் இது மூணாவது ஸ்பிரிங். மூணு தடவையும் கொண்டாந்தது மூணு மாப்பிள்ள.”

அந்த ‘டக்’ எனக்கு இப்போதுதான் கேட்டது.

“சர்மிளாவா?”

அவர் தலை நிமிராமலே ஆட்டினார்.

நான் எழுந்தேன். ஏழாவது வீடு. வடைகூடப் போடவில்லை. “அப்ப என்னையும் வேணாங்குது. வாட்ச நீங்களே குடுத்து அனுப்பிடுங்க நானா.”

“உக்காருங்க தம்பி. போன ரெண்டு தடவையும் ‘அவசரமில்ல, ஒரு மாசம் வச்சிருங்க’ன்னு சொன்ன புள்ள, இண்டைக்கு விடியவே போன் பண்ணி, ‘இன்னைக்கே ஓட வச்சுக் குடுங்க’ன்னு கெஞ்சுது. ஒடச்சது உங்கள நேர்ல பாக்குறதுக்கு முந்தியாம்.”